மாட்டுக் காசநோயை உறுதி செய்வது எப்படி: கொட்டிலில் தொடங்கி டி.என்.ஏ. வரை

"தீனி எடுக்குது, ஆனா உடம்பு தேறல. இதுக்கு டி.பி. இருக்கா, பாத்துச் சொல்லுங்க டாக்டர்" என்று ஒரு மாட்டைக் காட்டிக் கேட்பவருக்கு ஒரே சோதனையில் பதில் சொல்ல முடியாது. மெலிவும் இருமலும் நோய் முற்றிய பிறகு வருபவை. கிருமி தொற்றிய மாடுகளில் பெரும்பாலானவை நன்றாகத் தின்று, நன்றாகக் கறந்துகொண்டு, பக்கத்துக் கட்டுத்தறி மாட்டுக்கும் கன்றுக்கும் நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான மதிப்பீடு, இங்குள்ள மாடுகளில் சுமார் 7.3 விழுக்காட்டுக்கு இந்தத் தொற்று இருக்கலாம் என்கிறது. எண்ணிக்கையில் 2 கோடியே 18 லட்சம் மாடுகள். சோதித்து, தொற்றுள்ளதை வெட்டி அகற்றும் தேசியத் திட்டம் நம்மிடம் இல்லை. அதனால் ஆய்வக முடிவை வைத்து எடுக்கும் ஒவ்வொரு முடிவும் பண்ணைக்காரர் தலையில்தான் விழுகிறது. இந்த வழிகாட்டி களத்தில் இருக்கும் இளம் கால்நடை மருத்துவர்களுக்கும் ஆய்வகத் தொழில்நுட்பர்களுக்கும் எழுதப்பட்டது. அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ள விரும்பும் பண்ணையாளரும் பின்தொடரலாம்.

முதல் படி: கேள்வியைத் தெளிவாக்குங்கள்

சோதனைகள் இரண்டு வகை. மாட்டின் எதிர்ப்புசக்தி இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. தோல் சோதனை, காமா இன்டர்ஃபெரான் ரத்தச் சோதனை, எதிர்ப்பொருள் எலைசா (நிறமாற்றத்தை அளந்து ஒரு பொருளைக் கண்டறியும் தட்டுச் சோதனை) ஆகியவை இதில் அடங்கும். கிருமியையே தேடிப் பிடிப்பது மற்றொன்று: ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது), வளர்ப்பு (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), பி.சி.ஆர். (கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்ப்பது).

உயிரோடிருக்கும் மாட்டுக்கு முதல் வகைதான் பயன்படும். கிருமி பெரும்பாலும் நிணநீர்க்கணுவுக்குள் அடைபட்டுக் கிடப்பதால், மூக்குச் சளியிலோ பாலிலோ அதைத் தேடிக் கிடைக்காவிட்டால் நோய் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. அனுப்பு படிவத்தை நிரப்பும் முன்பே "இந்த மந்தையில் தொற்று இருக்கிறதா", "இந்த மாட்டைப் பிரிக்கலாமா", "இறந்த மாட்டில் இருந்தது எந்தக் கிருமி" என்ற மூன்றில் எதற்குப் பதில் தேவை என்று முடிவு செய்யுங்கள். "டி.பி. பரிசோதனை தேவை" என்று மட்டும் எழுதி வரும் மாதிரிக்கு ஆய்வகம் தனக்குத் தோன்றியதைத்தான் செய்யும்.

இரண்டாம் படி: தோல் சோதனை

இதை ஆய்வகத்துக்குள் செய்வதில்லை. ஆனாலும் அங்கே போகும் மாதிரிகளில் பெரும்பகுதி இதன் முடிவால் தேர்வாவதால் இங்கே பிசகினால் பின்னால் வரும் எல்லாமே பிசகும். 1890-ல் ராபர்ட் காக் மருந்தாக அறிமுகம் செய்து தோற்றுப்போன டியூபர்குலின் (காசநோய்க் கிருமியிலிருந்து எடுக்கும் புரதச் சாறு), நோயறியும் கருவியாக இன்றும் நிலைத்திருக்கிறது. இந்தியாவில் இசத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இதைத் தயாரிக்கிறது.

வாலடித் தோல் மடிப்பில் போடும் முறை அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் வழக்கம். நம் நிலைமைக்கு ஒப்பீட்டுக் கழுத்துச் சோதனையே பொருந்தும் என்பது என் கருத்து. மண்ணிலும் நீரிலும் வாழும் மைக்கோபாக்டீரியங்களும் (காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள்) ஜோனிஸ் என்னும் குடல் நோயின் கிருமியும் இங்கே பரவலாக இருப்பதால், மாட்டு டியூபர்குலினை மட்டும் போட்டால் வேண்டாத வீக்கங்கள் நிறையத் தெரியும். பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த பறவை டியூபர்குலினைப் பக்கத்திலேயே போட்டு இரண்டையும் ஒப்பிடுவதால் அந்தக் குழப்பம் குறைகிறது.

மாட்டை டிரெவிஸில் (மாட்டை நிறுத்திக் கட்டும் சட்டம்) அசையாமல் கட்டுங்கள். கழுத்தின் நடுப்பகுதியில் மேலும் கீழுமாக, 12 முதல் 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு இடங்களில் முடியை மழித்து, தோலை மடித்துக் காலிபரால் அளந்து மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே பறவை, கீழே மாடு. ஒவ்வொன்றும் 0.1 மி.லி., தோலுக்குள் போக வேண்டும். போட்டதும் பயறளவு மேடு விரலில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் மருந்து தோலுக்கு அடியில் போய்விட்டது. இளங்கன்றுகளின் கழுத்தில் இடம் போதாது என்பதால் இரு பக்கமும் ஒவ்வொன்றாகப் போடலாம்.

72 மணி நேரம் கழித்து, அதே ஆள் அதே காலிபரால் மீண்டும் அளக்க வேண்டும். மாட்டு டியூபர்குலின் போட்ட இடத்தின் தடிப்பு மற்றதைவிட 4 மி.மீ.க்கு மேல் கூடியிருந்தால் நேர்மறை. 1 முதல் 4 மி.மீ. வரை என்றால் ஐயத்துக்குரியது. சமமாகவோ குறைவாகவோ இருந்தால் எதிர்மறை. பார்வையால் "கொஞ்சம் வீங்கியிருக்கு" என்று எழுதுவதை ஏற்காதீர்கள்.

தொற்றிய முதல் சில வாரங்களில் மாடு இந்தச் சோதனைக்கு மசியாது. கன்று ஈன்ற 4 முதல் 6 வாரத்துக்குள்ளும், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு போட்ட பிறகும் வீக்கம் மங்கும். நோய் முற்றிய மாட்டில் எதிர்வினை மொத்தமாகவே ஓய்ந்துவிடலாம். மந்தையிலேயே மிகவும் மெலிந்த மாடு எதிர்மறை காட்டினால் நிம்மதி அடையாதீர்கள், ஐந்தாம் படியைப் பாருங்கள். ஐயத்துக்குரிய மாட்டை 42 நாள் கழித்துத்தான் மறுபடி சோதிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு டியூபர்குலின் ஊசியே அடுத்த சில வாரங்களுக்கு எதிர்வினையைக் குறைத்துவிடும். சந்தையில் விற்க வரும் மாட்டுக்கு முன்கூட்டியே ஓர் ஊசி போட்டு மறைக்கப் பார்ப்பவர்கள் பயன்படுத்திக்கொள்வது இதைத்தான்.

மூன்றாம் படி: மந்தையைக் கணக்கில் கொள்ளுங்கள்

1000 மாடுகள் உள்ள ஒரு பகுதியில் 10 மாடுகளுக்கு மட்டும் தொற்று என்று வைத்துக்கொள்வோம். நம் சோதனை பத்தில் ஒன்பதைப் பிடிக்கும், நோயில்லாத நூறில் நான்கைத் தவறாகக் காட்டும். அப்படியென்றால் 9 மாடுகள் சரியாகப் பிடிபடும், கூடவே தொற்றில்லாத சுமார் 40 மாடுகளும் மாட்டிக்கொள்ளும். அதே சோதனையை 100 மாடுகளில் 30-க்குத் தொற்றுள்ள ஒரு பண்ணையில் செய்தால் 27 சரியாகவும் 3 தவறாகவும் வரும். சோதனை ஒன்றேதான், ஆனால் "நேர்மறை" என்பதன் எடை இரண்டு இடத்திலும் வேறு. வரலாறு இல்லாத பண்ணையில் தனியாக ஒரு மாடு நேர்மறை என்று வந்தால் இரண்டாவது சோதனை இல்லாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

நான்காம் படி: காமா இன்டர்ஃபெரான்

1990-ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவில் உருவான முறை இது. அந்த நாடு 1997-ல் மாட்டுக் காசநோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்துக்கொண்டது. ரத்தத்தில் உள்ள டி-செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்கள் டியூபர்குலினைக் கண்டதும் காமா இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கின்றனவா என்று பார்க்கிறோம். மாட்டை ஒருமுறை பிடித்தால் போதும். ஊசியால் எதிர்வினை மாறுவதும் இல்லை. தோல் சோதனைக்கு முன்பே தொற்றைக் காட்டவும் வாய்ப்பு உண்டு.

ரத்தம் எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஹெப்பாரின் குழாயில் குறைந்தது 5 மி.லி. எடுத்து, குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிக் கலக்க வேண்டும். எடுத்த மாதிரியை ஐஸில் வைப்பது நமக்கெல்லாம் ஊறிப்போன பழக்கம். இங்கே அதைச் செய்யக் கூடாது. செல்கள் உயிரோடிருந்தால்தான் சோதனையே நடக்கும், குளிரூட்டினால் அவை சரியாகச் சுரக்காது. சுமார் 22 டிகிரியில், ஏறக்குறைய 5 டிகிரி முன்பின், வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய ஜீப்பின் உள்ளே அந்த வெப்பநிலை கிடைக்காது என்பதால், ஐஸ் இல்லாத தெர்மாக்கோல் பெட்டியில் அறை வெப்பத்துத் தண்ணீர் பாட்டில்களைச் சுற்றி வைத்து அனுப்புவது நல்லது. 8 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் அடுத்த கட்டம் தொடங்கிவிட வேண்டும் என்று திட்டமிடுங்கள். கோபியிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் போட்டுவிட்டால் பார்த்துக்கொள்வார்கள் என்பது இந்தச் சோதனைக்கு ஒத்துவராது.

ஆய்வகத்தில் ஒவ்வொரு மாட்டின் ரத்தத்தையும் 1.5 மி.லி. வீதம் 24 குழித் தட்டில் பிரிக்கிறோம். ஒரு குழிக்கு வெறும் உப்புக் கரைசல், ஒன்றுக்குப் பறவை டியூபர்குலின், ஒன்றுக்கு மாட்டு டியூபர்குலின், தலா 100 மைக்ரோலிட்டர். நான்காவதாக மைட்டோஜன் குழி ஒன்று அவசியம். அது எந்தச் செல்லையும் தூண்டிவிடும் பொருள். அதற்கும் பதில் வரவில்லை என்றால் ரத்தம் வழியிலேயே செத்துவிட்டது, அந்த மாட்டுக்கு "எதிர்மறை" என்று எழுதாமல் "மாதிரி தகுதியற்றது" என்று எழுத வேண்டும். செலவு மிச்சம் என்று இந்தக் குழியை விடும் ஆய்வகத்தின் எதிர்மறையை நான் நம்புவதில்லை.

37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்து, மேலே தெளியும் பிளாஸ்மாவை எடுத்து எலைசா செய்கிறோம். மாட்டு டியூபர்குலின் குழியின் ஒளியடர்த்தி, உப்புக்கரைசல் குழியைவிடவும் பறவை டியூபர்குலின் குழியைவிடவும் 0.1-க்கு மேல் கூடியிருந்தால் நேர்மறை என்பது வழக்கமான அளவுகோல். இந்த எல்லையை ஏற்றியும் இறக்கியும் வைக்கலாம். நோய் நிச்சயமாக உள்ள பண்ணையில் இறக்கினால் அதிக மாடுகள் பிடிபடும்.

டியூபர்குலினுக்குப் பதிலாக இஎஸ்ஏடி-6, சிஎஃப்பி-10 என்ற இரு புரதங்களைப் பயன்படுத்துவது இன்னும் துல்லியமானது. பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியில் இவற்றின் மரபணுக்கள் உள்ள ஆர்டி1 பகுதி கிடையாது என்பதால், நாளை கன்றுகளுக்குப் பி.சி.ஜி. போடும் காலம் வந்தாலும் தடுப்பூசி போட்டதையும் தொற்றியதையும் பிரித்தறிய முடியும். இதே புரதங்களை வைத்துத் தோல் சோதனையும் உருவாக்கப்பட்டிருக்கிறது.

ஐந்தாம் படி: எதிர்ப்பொருள் எலைசா

சாதாரண சீரம் போதும், ஐஸில் அனுப்பலாம், விலையும் குறைவு. எம்பிபி70, எம்பிபி83 என்ற புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுகிறோம். இந்த நோயில் எதிர்ப்பொருள் தாமதமாகத்தான் உருவாகும் என்பதால் ஆரம்பத் தொற்றை இது தவறவிடும். ஆனால் செல்வழி எதிர்ப்பு ஓய்ந்துபோன, எலும்பும் தோலுமான அந்த மாட்டைப் பிடிப்பது இதுதான். தோல் சோதனை முடிந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் எடுத்த சீரத்தில் எதிர்ப்பொருள் தூண்டப்பட்டு உயர்ந்திருக்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: இறந்த மாட்டிலிருந்து மாதிரி

கிருமியைக் கையில் பிடிக்க வேண்டுமானால் திசு வேண்டும். நம் ஊரில் மாடு செத்தால் அவசரமாகப் புதைத்துவிடுவார்கள். நேர்மறையான மாடு இறந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லி முன்பே பண்ணைக்காரரிடம் பேசி வையுங்கள்.

திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, என்95 முகக்கவசமும் கண்ணாடியும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு அறுக்க வேண்டும். முதலில் தேடுவது நுரையீரலை அல்ல, நிணநீர்க்கணுக்களை. தலையில் தொண்டைக்குப் பின்னால் இருப்பவை, தாடைக்கு அடியில் இருப்பவை, நெஞ்சில் மூச்சுக்குழாய் பிரியும் இடத்திலும் இரு நுரையீரலுக்கு நடுவிலும் இருப்பவை, வயிற்றில் குடல்தாங்கியில் இருப்பவை. ஒவ்வொன்றையும் மெல்லிய வில்லைகளாக நறுக்கிப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் கெட்டியான சீழ்க்கட்டி, கத்தி படும்போது மணல் அரைபடும் சத்தம் இரண்டும் சந்தேகத்தை வலுவாக்கும். எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இதே கணுக்களை எடுத்து அனுப்புங்கள். கட்டி இல்லாத கணுவிலும் கிருமி வளர்ந்து வருவதுண்டு.

ஒவ்வொரு கணுவையும் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதி 10 விழுக்காடு ஃபார்மலினில், நோய்க்குறியியலுக்கு. மறு பாதி எதுவும் ஊற்றாத கிருமிநீக்கிய டப்பாவில், வளர்ப்புக்கும் பி.சி.ஆருக்கும். ஃபார்மலினில் மொத்தத்தையும் போட்டு அனுப்பினால் வளர்ப்பு அங்கேயே முடிந்தது. ஐஸில் வைத்து ஓரிரு நாளில் சேர்த்துவிடுங்கள், தாமதமாகும் என்றால் உறைய வையுங்கள். டப்பாவின் மேல் பென்சிலால் எழுதிய சீட்டு ஒட்டுங்கள், பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும். மூன்று அடுக்குப் பொதியும், காது வில்லை எண்ணும், தோல் சோதனை அளவுகளும் கூடவே போக வேண்டும். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு வழியாக அனுப்புவது எளிது. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்ட அட்டவணையில் மாட்டுக் காசநோய் இருப்பதால், அந்தப் பிரிவுக்குத் தகவல் போவது சட்டத்துக்கும் பொருந்தும்.

மடி கெட்டியான மாட்டின் பாலை அனுப்பினால் கறந்த கடைசிப் பாலையும் சேருங்கள். ஆய்வகத்தில் அதைச் சுழற்றிய பிறகு அடியில் படியும் வண்டலோடு மேலே மிதக்கும் ஆடையையும் எடுக்க வேண்டும். மெழுகுப் பூச்சுள்ள இந்தக் கிருமி கொழுப்போடு சேர்ந்து மேலே போய்விடும்.

ஏழாம் படி: ஸ்மியர்

சீல்-நீல்சன் சாயம் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை. கார்பால் ஃபுக்சினை ஆவி வரும்வரை சூடேற்றி 5 நிமிடம், அமில ஆல்கஹாலில் நிறம் நீக்கம், மெத்திலீன் நீலம். நீலப் பின்னணியில் சிவப்புக் கோல்கள் தெரிந்தால் அமில எதிர்ப்புக் கிருமி இருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம். ஜோனிஸ் கிருமியும் அப்படித்தான் தெரியும், நோகார்டியாவும் ஓரளவு ஏமாற்றும். ஒரு மி.லி.யில் ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தால்தான் கண்ணில் படும் என்பதால் எதிர்மறை ஸ்மியருக்கு மதிப்பு மிகக் குறைவு.

எட்டாம் படி: வளர்ப்பு

மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்பு வசதி இல்லாத ஆய்வகம் இதைத் தொடவே கூடாது. திசுவை அரைக்கும்போதும் சுழற்றும்போதும் எழும் நுண்துளிகளே ஆய்வகப் பணியாளரின் நுரையீரலுக்குள் போகும் வழி. மூடியுள்ள சுழற்றி வாளிகளை வெளியே மேசையில் திறக்காமல் பாதுகாப்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும்.

கொழுப்பை நீக்கி, திசுவைப் பொடியாக நறுக்கி, அரைத்து, மற்ற பாக்டீரியாக்களைக் கொல்ல 2 முதல் 4 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடில் 10 முதல் 15 நிமிடம் வைக்கிறோம். இந்தக் காரம் நாம் தேடும் கிருமியிலும் ஒரு பகுதியைக் கொன்றுவிடும். நேரமானி வைத்துக்கொண்டு செய்யுங்கள், தேநீர் குடித்துவிட்டு வந்து நடுநிலையாக்கலாம் என்று விடாதீர்கள். பிறகு அமிலத்தால் நடுநிலையாக்கி, சுழற்றி, வண்டலைக் கிருமி வளர உணவாகும் ஊடகத்தில் இடுகிறோம்.

எந்த ஊடகம் என்பதில் பலர் சறுக்குகிறார்கள். மனிதக் காசநோய் ஆய்வகங்களில் எப்போதும் இருப்பது கிளிசரால் சேர்த்த லோவன்ஸ்டீன்-ஜென்சன். மாட்டுக் காசநோயின் முக்கியக் கிருமியான மைக்கோபாக்டீரியம் போவிஸில் பைருவேட் கைனேஸ் நொதியின் மரபணு பழுதுபட்டிருப்பதால் அதற்குக் கிளிசரால் உணவாகாது. வளர்ந்தாலும் சிறுத்துப்போகும், பல நேரம் வளரவே வளராது. ஆகவே பைருவேட் சேர்த்த ஊடகம் அல்லது ஸ்டோன்பிரிங்க் ஊடகம் கட்டாயம். கிளிசரால் குழாய் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள், மாட்டில் மனிதக் காசநோய்க் கிருமி இருப்பதும் இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. வசதி இருந்தால் எம்ஜிஐடி போன்ற திரவ ஊடகமும் சேர்த்தால் சில நாள் முன்னதாகவே தெரியும்.

37 டிகிரியில் குறைந்தது 8 வாரம், முடிந்தால் 12 வாரம் வரை காத்திருந்து வாரம் ஒருமுறை பாருங்கள். மூன்று நாளில் எது வளர்ந்தாலும் அது மாசு. போவிஸ் கூட்டங்கள் பெரும்பாலும் 3 முதல் 6 வாரத்தில் சிறியதாக, வெண்மையாக, ஈரப் பளபளப்போடு தோன்றும். மனிதக் காசநோய்க் கிருமி சொரசொரப்பாகவும் உலர்ந்தும் இருக்கும். நியாசின், நைட்ரேட் என்ற வேதிச் சோதனைகள் இரண்டும் எதிர்மறை என்பதும் பைராசினமைடு என்ற காசநோய் மருந்துக்கு இயல்பிலேயே கட்டுப்படாதது என்பதும் போவிஸின் பழைய அடையாளங்கள்.

ஒன்பதாம் படி: எந்தக் கிருமி

வளர்ந்த கூட்டத்திலிருந்தோ நேரடியாகத் திசுவிலிருந்தோ டி.என்.ஏ. எடுத்து பி.சி.ஆர். செய்கிறோம். முதலில் காசநோய்க் குடும்பமா என்று பார்க்க ஐஎஸ்6110 என்ற டி.என்.ஏ. துண்டு பெயர்பெற்றது. ஆனால் மாட்டுக் கிருமிகள் பலவற்றில் அது ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். திசுவில் நேரடியாகத் தேடும்போது, வழக்கமாக 6 பிரதிகள் உள்ள ஐஎஸ்1081 கைகொடுக்கும். சீழ்க்கட்டித் திசுவில் பி.சி.ஆரைத் தடுக்கும் பொருள்கள் ஏராளம் என்பதால் உள்கட்டுப்பாடு (பி.சி.ஆர். சரியாக ஓடியதா என்று காட்டும் கூடுதல் சோதனை) இல்லாத எதிர்மறையை ஏற்க வேண்டாம்.

குடும்பம் உறுதியான பின் இனத்தைப் பிரிக்க, மரபணுவில் விடுபட்டுப்போன பகுதிகளைப் பார்க்கிறோம். ஆர்டி9 இருந்தால் மனிதக் காசநோய்க் கிருமி. மாட்டுக்கு அதைக் கொடுத்தவர் அந்தக் கொட்டிலில் வேலை செய்பவராக இருக்கலாம். ஆர்டி9, ஆர்டி4 இரண்டும் இல்லையென்றால் போவிஸ். ஆர்டி9, ஆர்டி12 இல்லை, ஆனால் ஆர்டி4 இருக்கிறது என்றால் அதே குடும்பத்தின் இன்னோர் இனமான மைக்கோபாக்டீரியம் ஓரைஜிஸைச் சந்தேகித்து, கைர்பி (gyrB) மரபணுவையோ முழு மரபணுவையோ வரிசைப்படுத்தி உறுதி செய்ய வேண்டும்.

நான் மிகவும் வலியுறுத்துவது இந்தக் கடைசி வரியைத்தான். ஓரைஜிஸ் 2012-ல்தான் தனிப் பெயர் பெற்றது. சென்னையில் மாட்டிலிருந்தும் மானிலிருந்தும் அது பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்த மனித மாதிரிகளை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வில் ஓரைஜிஸ் கிடைத்தது. போவிஸ் வகையில் கிடைத்தவை பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமி மட்டுமே. ஆகவே ஐரோப்பிய மந்தைகளை மனதில் வைத்து, ஆர்டி4 இல்லாமையை மட்டும் தேடும் கிட்டை நம் மாடுகளுக்குப் போட்டு, "போவிஸ் இல்லை, ஆகவே காசநோய் இல்லை" என்று எழுதுவது நம் மண்ணில் அபாயகரமான அறிக்கை. தோல் சோதனையும் காமா இன்டர்ஃபெரானும் இரு கிருமிகளையும் ஒன்றுபோலவே காட்டும். அங்கே நேர்மறை வந்து பி.சி.ஆரில் போவிஸ் வரவில்லை என்றால், தோல் சோதனையைக் குறை சொல்வதற்கு முன் ஆர்டி12-ஐக் கேட்டு வாங்குங்கள்.

மந்தைக்குள் எது எதிலிருந்து பரவியது என்று தெரிய ஸ்பாலிகோடைப்பிங் பயன்படும். கிருமியின் டி.என்.ஏ.வில் உள்ள குறிப்பிட்ட இடைவெளித் துண்டுகளில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று பார்க்கும் முறை இது. 43 இடைவெளித் துண்டுகளில் 39 முதல் 43 வரை போவிஸில் இருக்காது. இன்று முழு மரபணு வரிசைப்படுத்தல் கிடைக்கும் இடங்களில் அதுவே மேல்.

பத்தாம் படி: முடிவுகளைச் சேர்த்துப் படிப்பது

தோல் சோதனையும் காமா இன்டர்ஃபெரானும் நேர்மறை, வளர்ப்பு எதிர்மறை என்றால் மாட்டைத் தொற்றுள்ளதாகவே வைத்துப் பிரித்துக் கட்டுங்கள். தோல் சோதனை எதிர்மறை, எதிர்ப்பொருள் நேர்மறை, மாடு மெலிவு என்றால் அதுதான் மந்தையிலேயே அதிகக் கிருமியைச் சிந்தும் மாடாக இருக்கலாம், முதலில் அதைப் பிரியுங்கள். பி.சி.ஆர். நேர்மறை, வளர்ப்பு எதிர்மறை என்பது செத்த கிருமியாகவோ காரத்தில் மடிந்த கிருமியாகவோ இருக்கலாம். கட்டி கண்ணால் தெரிந்திருந்தால் பி.சி.ஆரை நம்புங்கள். மாட்டுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. மாதக்கணக்கான அரைகுறைச் சிகிச்சையில் மருந்துக்கு மசியாத கிருமி உருவாகி, பால் வழியாக வீட்டுக்குள் வரும். பிரித்த மாட்டின் பாலை மனிதருக்கும் கன்றுக்கும் கொடுக்க வேண்டாம். மற்ற மாடுகளின் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது.

பண்ணை நேர்மறை என்று உறுதியானதும் கறவையாளரையும் வீட்டாரையும் பக்கத்து அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவுக்கு அனுப்புங்கள். அங்கே செய்யும் ஜீன்எக்ஸ்பர்ட் என்ற விரைவு டி.என்.ஏ. சோதனை காசநோய்க் குடும்பத்தைக் கண்டுபிடிக்கும், இனத்தைப் பிரித்துச் சொல்லாது. போவிஸ் என்றால் வழக்கமான கூட்டு மருந்தில் உள்ள பைராசினமைடு வேலை செய்யாது. எனவே அனுப்பும் சீட்டில் "வீட்டு மாட்டில் காசநோய் உறுதி, பைருவேட் ஊடகத்தில் வளர்ப்பும் இன அடையாளமும் தேவை" என்று ஒரு வரி சேர்த்து, மாட்டின் ஆய்வக அறிக்கை நகலையும் இணைத்துக் கொடுங்கள்.